அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்க வேண்டும்?

ஈரோட்டில் நான் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் 14 கணினிகள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாதம் 10ஆம் தேதி சாயங்காலம் அங்கிருந்து போன் வந்தது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். நாலு கணினிகளில் குரோமைத் திறந்தால் பெயர் தெரியாத ஏதோ தேடல் பக்கம் வருகிறது, மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது, கணக்கு எழுதும் டாலி மென்பொருள் நகரவே மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தேன். சிஏ பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க ஒரு இலவச மென்பொருளை இறக்கியிருந்தான். நன்றாக வேலை செய்கிறது என்று பென்டிரைவில் போட்டுப் பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று பேருக்கும் கொடுத்திருந்தான். அதோடு ஒட்டிக்கொண்டு வேறு மூன்று சரக்கும் உள்ளே வந்துவிட்டது.

"ஏந்தம்பி, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"யாரைக் கேக்கறதுங்கண்ணா? அறுபது பில்லு ஸ்கேன் பண்ணிக் கெடக்குது, ஒரே ஃபைலா அனுப்பணும்னு சார் சொன்னாருங்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. செய்ய வேலை இருந்தது. அதற்கான கருவியை அலுவலகம் கொடுக்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. 14 கணினிகளிலும் எல்லோருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை, அதாவது எதை வேண்டுமானாலும் நிறுவவும் மாற்றவும் முடிகிற உரிமை, இருந்தது. அப்படி அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அடிக்கடி கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துச் செய்தது. அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நாலாவது கணினியைச் சுத்தம் செய்து முடித்தபோதே, இதை அடியிலிருந்து மாற்ற வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டேன். மாற்றிய வரிசையை அப்படியே சொல்கிறேன். நான் சொல்வது எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வர், டொமைன் எதுவும் இல்லாத, 5 முதல் 30 கணினிகள் வரை உள்ள அலுவலகங்களுக்கு. நம் ஊரில் பெரும்பாலான அலுவலகங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

முதலில் கணக்கெடுப்பு

எதையும் பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து, இப்போது என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்தால் போதும். எழுதும்போது மேசைக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். "இது எதுக்குங்க வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள், விசாரணை மாதிரி கேட்காதீர்கள். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பட்டியலில் நாலு வகை பிடிஎஃப் மென்பொருள், மூன்று வகைத் தமிழ் டைப்பிங், இரண்டு கணினிகளில் தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், ஒன்றில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டுக் கருவி, பழைய ஆள் விட்டுப்போன ஒரு கேம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே அலுவலகத்துக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும். நாலு பேர் நாலு பிடிஎஃப் மென்பொருள் தேடியிருக்கிறார்கள் என்றால் அங்கே பிடிஎஃப் வேலை நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் நாமே போட்டுக்கொடுத்தோம். உரிமத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். 'இலவசம்' என்று எழுதியிருக்கும் பலதும் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், எனிடெஸ்க் அப்படித்தான். வின்ரார் 40 நாள் சோதனைக்கு மட்டும். 7-ஜிப், லிப்ரே ஆபீஸ், பிடிஎஃப்24 மூன்றையும் அலுவலகத்தில் காசில்லாமல் பயன்படுத்தலாம். தமிழ் டைப்பிங்குக்கு விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. பழைய தட்டச்சு முறையில் பழகிய அக்கா ஒருவருக்கு மட்டும் அவர் கேட்ட மென்பொருளையே நான் நிறுவிக் கொடுத்தேன். 20 வருடமாக ஒரு முறையில் பழகிய கையை மாற்றச் சொல்வது பாதுகாப்பில் சேராது.

அட்மினை எடுப்பது

ஊழியரின் கணக்கை அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக, அதாவது ஸ்டாண்டர்டு யூசராக, மாற்றுவதுதான் அடிப்படை. இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். வரிசை மாறக் கூடாது. முதலில் ஒவ்வொரு கணினியிலும் புதிதாக ஒரு அட்மின் கணக்கை உருவாக்குங்கள். அதில் ஒருமுறை லாகின் செய்து, பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்தப் புதுக் கணக்கிலிருந்தே செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய், ஊழியரின் கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றுங்கள். அவருடைய டெஸ்க்டாப், கோப்புகள், பிரின்டர் எல்லாம் அப்படியே இருக்கும். அடுத்த முறை லாகின் ஆகும்போது உரிமை மட்டும் குறைந்திருக்கும். புது அட்மின் கணக்கைச் சோதிக்காமல் பழையதைக் குறைத்துவிட்டால் வாசலைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான். விண்டோஸின் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வழக்கமாக முடக்கப்பட்டே இருக்கும். அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

14 கணினிகளுக்கும் 14 வேறு பாஸ்வேர்டு. ஒரே பாஸ்வேர்டு வைத்தால் ஒரு மேசையில் யாரோ எட்டிப் பார்த்தது எல்லா மேசைக்கும் திறவுகோலாகிவிடும். டொமைனோ, மைக்ரோசாஃப்ட்டின் இணையவழிக் கணக்கு நிர்வாகமான என்ட்ரா ஐடியோ இருக்கும் பெரிய நிறுவனங்களில் விண்டோஸ் லேப்ஸ் என்ற வசதி இந்தப் பாஸ்வேர்டைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். நம் மாதிரி இடத்துக்கு ஒரு நோட்டு போதும். ஒரு பிரதி ஆடிட்டரின் பீரோவில், இன்னொன்று என்னிடம்.

இனி இன்னொரு விஷயம், இதில்தான் நிறைய இடத்தில் தோற்கிறார்கள். முதலாளியின் கணினி. "எனக்கும் ஸ்டாண்டர்டு கணக்குதான் போடுவியா?" என்று ஆடிட்டர் சார் கேட்டார். "சார், எல்லா கிளையன்ட் பாஸ்வேர்டும் உங்க மெஷின்லதான் இருக்குது. முதல்ல உங்களுக்குத்தான் போடணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சரி என்றார். அவர் ஒப்புக்கொண்டது அலுவலகத்துக்குத் தெரிந்ததும் மற்றவர்களிடம் நான் ஒரு வார்த்தை வாதாட வேண்டியிருக்கவில்லை. முதலாளிக்கும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்குதான். அட்மின் வேண்டுமென்றால் நோட்டில் இருக்கிறது.

ஸ்டாண்டர்டு கணக்கில் மென்பொருளை நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் பாஸ்வேர்டு அடிக்கும் முன் பெட்டியில் மென்பொருளின் பெயரையும் அதை வெளியிட்ட பப்ளிஷர் பெயரையும் படியுங்கள். மஞ்சள் நிறத்தில் 'அன்நோன்' என்று வந்தால் நிறுத்துங்கள். அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே மறுபடி இறக்குங்கள்.

அட்மின் இல்லாமலும் நுழைபவை

இத்தோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டு வாரத்தில் ஒரு கணினியில் மறுபடி எனிடெஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எந்தப் பாஸ்வேர்டும் அடிக்கவில்லை. அதை நிறுவவே வேண்டியதில்லை, இறக்கிய கோப்பை அப்படியே சொடுக்கினால் ஓடும். குரோம், ஜூம், விஎஸ் கோட் போன்றவற்றையும் அட்மின் உரிமை இல்லாமல் அவரவர் கணக்குக்குள் இருக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் போட்டுக்கொள்ள முடியும். டவுன்லோட்ஸிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ ஓடும், அட்மின் உரிமை கேட்காத எந்த எக்ஸி கோப்புக்கும் (சொடுக்கினால் ஓடும் நிரல்) ஸ்டாண்டர்டு கணக்கு தடை போடாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போன் செய்து எனிடெஸ்க்கைத் திறக்கச் சொல்பவனுக்கு இது தெரியும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆப்லாக்கர்: எந்த நிரல் ஓடலாம், எது கூடாது என்று விதி எழுதும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. வெகுகாலம் என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளில் மட்டும்தான் அமலாகும் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தடையை இப்போது மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அப்டேட் செய்த விண்டோஸ் 10, 11 புரோவில் தாராளமாக வைக்கலாம். ஹோம் பதிப்பில் இதை அமைக்கும் ஜன்னலே கிடையாது. கடையில் வாங்கிய லேப்டாப்பில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். அலுவலகத்துக்கு என்றால் வாங்கும்போதே புரோ என்று கேட்டு வாங்குங்கள். இருக்கிற ஹோமை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால், செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து மட்டும் ஆப் பெறும்படி வைக்கலாம். அது அரைத் தடுப்புதான்.

புரோவில் ஸ்டார்ட் மெனுவில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறந்து, அப்ளிகேஷன் கன்ட்ரோல் பாலிசீஸ், அதற்குள் ஆப்லாக்கர். நான்கு வகை விதிகள் தெரியும்: எக்ஸிகியூட்டபிள், விண்டோஸ் இன்ஸ்டாலர், ஸ்கிரிப்ட், பேக்கேஜ்டு ஆப். ஒவ்வொன்றிலும் வலச்சொடுக்கி 'கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்' கொடுங்கள். எக்ஸிகியூட்டபிளுக்கான டிஃபால்ட் விதிகள் சொல்வது எளிமையானது: புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய இரு கோப்புறைகளில் இருப்பதை எல்லோரும் ஓட்டலாம், மற்ற இடத்தில் இருப்பதை அட்மின் மட்டும் ஓட்டலாம். ஸ்டாண்டர்டு யூசர் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முடியாது. அங்கே நாம் வைத்தது மட்டும்தான் ஓடும். ஸ்டாண்டர்டு கணக்கும் ஆப்லாக்கரும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. அட்மின் உரிமையை எடுக்காமல் ஆப்லாக்கர் மட்டும் போட்டால் பயன் இல்லை.

பேக்கேஜ்டு ஆப் பகுதியை விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகை ஆப்களுக்கானது அது. முதல் கணினியில் நான் எக்ஸிகியூட்டபிள் விதிகளை மட்டும் போட்டேன். மறுபடி லாகின் செய்தால் கால்குலேட்டர்கூடத் திறக்கவில்லை. எக்ஸிகியூட்டபிள் விதி இருந்து, பேக்கேஜ்டு ஆப் விதி இல்லாவிட்டால் அந்த வகை ஆப் எல்லாவற்றையும் அது தடுத்துவிடும். ஒரு கணினியோடு நிறுத்தியிருந்ததால் பிழைத்தேன்.

அடுத்து, உடனே அமல்படுத்தாதீர்கள். ஆப்லாக்கர் மீது வலச்சொடுக்கி பிராப்பர்ட்டீஸ் போனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்து 'ஆடிட் ஒன்லி' என்று வையுங்கள். இங்கே பலர் வழுக்குவார்கள்: பெட்டியை டிக் செய்யாமல் விட்டால் விதி சும்மா இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை, விதி எழுதியிருந்தால் டிக் இல்லாமலும் அமலுக்கு வந்துவிடும். ஆடிட் ஒன்லி என்றால் எதையும் தடுக்காது, தடுத்திருக்கக்கூடியதை மட்டும் குறித்து வைக்கும்.

இதெல்லாம் ஓட 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' என்ற சர்வீஸ் இயங்க வேண்டும். சர்வீசஸ் ஜன்னலில் அதை ஆட்டோமேட்டிக்காக மாற்றப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் எஸ்சி கான்ஃபிக் கட்டளையால் மாற்ற வேண்டும். 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஒட்டியே சமக்குறி, அதன்பின் கட்டாயம் ஓர் இடைவெளி, பிறகு 'ஆட்டோ'. அந்த இடைவெளியை விட்டால் கட்டளை ஏற்காது. எத்தனையோ பேர் ஆப்லாக்கர் வேலை செய்யவில்லை என்று கைவிட்டதற்கு இந்த சர்வீஸ்தான் காரணம்.

இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று போய் 8003 என்ற எண்ணுள்ள பதிவுகளைப் பாருங்கள். அமல்படுத்தியிருந்தால் தடைபட்டிருக்கும் நிரல்கள் அவை. நான் பார்த்தபோது முதலில் ஒன்டிரைவ் நின்றது. அதுவும் ஆப்டேட்டாவிலிருந்து ஓடும் ஜாதி. எல்லா யூசருக்கும் பொதுவாகப் புரோகிராம் ஃபைல்ஸில் போகும் முறையில் அதை மறுபடி நிறுவினேன். குரோமையும் ஜூமையும் அலுவலகங்களுக்கென்று கிடைக்கும் எம்எஸ்ஐ வகை நிறுவல் கோப்பால் அதேபோல் மாற்றினேன். வருமானவரி, டிடிஎஸ் தாக்கலுக்கான கருவிகளையும் இந்தப் பதிவில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். டிடிஎஸ் படிவம் தயாரிக்கும் கருவியான ஆர்பியு ஜிப்பாக வரும், ஜாவாவில் ஓடும், ஆளாளுக்கு ஒரு இடத்தில் விரித்து வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு இடம் முடிவுசெய்து நாமே வைக்க வேண்டும்.

டாலி

ஆடிட்டர் அலுவலகம் என்றால் டாலிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய டாலியை டி டிரைவில் போட்டு வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். டிஃபால்ட் விதிப்படி அது ஓடாது. புரோகிராம் ஃபைல்ஸுக்குக் கொண்டுவந்தால் ஓடும். ஆனால் கம்பெனி டேட்டாவும் அதே கோப்புறைக்குள் இருந்தால் ஸ்டாண்டர்டு யூசரால் பதிவு போட முடியாது. டேட்டாவை டி டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்து, அதற்கு மட்டும் 'மாடிஃபை' அனுமதி கொடுத்தேன். டேட்டா கோப்புறையில் எக்ஸி ஓடத் தேவையில்லை என்பதால் பூட்டு கெடாது.

சிலர் அலுத்துப்போய் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் டாலி கோப்புறைக்கே எல்லோருக்கும் எழுதும் அனுமதி கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணமே பூட்டு போய்விட்டது. எழுதவும் முடியும், அங்கிருந்து ஓட்டவும் முடியும் என்ற இடம் ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அங்கே வைத்து ஓட்டலாம். அப்படிக் கொடுத்தே தீர வேண்டிய பழைய மென்பொருள் இருந்தால், டிஃபால்ட் விதியில் அந்தக் கோப்புறையை விதிவிலக்காக்கி, அந்த ஒரு எக்ஸிக்கு மட்டும் பப்ளிஷர் விதி எழுதுங்கள். டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோப்பு என்றால் ஹாஷ் விதி, அதாவது அந்தக் கோப்பின் கைரேகை போன்ற எண்ணை வைத்து அனுமதிப்பது. புது வெளியீடு வரும்போதெல்லாம் அதை மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள்ளும் டெம்ப், டாஸ்க்ஸ் போலச் சாதாரண யூசர் எழுதக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றையும் விதிவிலக்கில் சேர்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி சாதனமான டிஎஸ்சி டோக்கன் இன்னொரு தலைவலி. டோக்கனின் டிரைவரை நிறுவ அட்மின் வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்திட உதவும் எம்சைனர் மென்பொருளையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொல்வார்கள். எல்லா மேசையிலும் இதைத் தீர்க்க முயலவில்லை. கையெழுத்துக்கென்று சீனியர் அக்கவுன்டன்ட் அக்காவின் மேசையில் ஒரே ஒரு கணினி; அதற்கான பாஸ்வேர்டு அவரிடம். வேறு எந்த வேலையும், மெயில்கூட, அதில் பார்ப்பதில்லை. கம்பெனிகளும் எல்எல்பிகளும் தவிர மற்ற கிளையன்ட்களுக்கு ஓடிபி வழியே ஜிஎஸ்டி தாக்கலை முடித்துவிடலாம் என்பதால் கூட்டம் சேரவில்லை.

ஆடிட்டை விட்டு அமலுக்கு மாற்றும் நாளைக் காலண்டர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டிலும் ஆடிட்டர் அலுவலகத்தில் நான் எதையும் தொட மாட்டேன். ஜூன் 22ஆம் தேதி மூன்று கணினிகளில் மாற்றினேன். ஒரு வாரம் கழித்து மீதி 11.

கேட்டால் கிடைக்க வேண்டும்

இதுவரை சொன்னதைவிட இது முக்கியம். ஒருவருக்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டுக் கேட்டால் அன்றைக்கே பதில் வர வேண்டும். வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்தோம். மென்பொருளின் பெயர், எந்தக் கிளையன்ட் வேலைக்கு, எப்போதைக்குள் என்ற மூன்றும் எழுதினால் போதும். காலையில் கேட்டால் மதியத்துக்குள் ரிமோட்டில் வந்து போட்டுவிடுகிறேன், அல்லது ஏன் முடியாது என்று சொல்லிவிட்டு வேறு ஒன்றைப் போடுகிறேன். முதல் மாதம் 19 கேள்விகள் வந்தன. இப்போது மாதத்துக்கு இரண்டு, மூன்று. மூன்று நாள் பதில் இல்லாமல் விட்டால் சொந்த லேப்டாப்பில் கிளையன்ட் கோப்பை ஏற்றி வேலையை முடித்துவிடுவார்கள். அது முன்பு இருந்ததைவிட மோசம், நம் கண்ணிலேயே படாது.

"நல்ல பேர் எடுத்த மென்பொருள்தானே, என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு, கணினியைச் சுத்தம் செய்யும் பிரபல மென்பொருளான சிகிளீனரைச் சொல்வேன். 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பில், தயாரித்த நிறுவனத்துக்கே தெரியாமல் தீநிரல் கலந்திருந்தது. செப்டம்பரில் வெளியே தெரிவதற்குள் 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்திவிட்டார்கள். எது எந்தக் கணினியில் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால், இப்படி ஒரு செய்தி வந்த அன்றே எடுத்துவிடலாம்.

காசு கட்டாமல் மென்பொருளைத் திறக்கும் கிராக் விஷயத்தில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. அந்தக் கருவிகள் ஓட வேண்டுமென்றால் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊழியர் போட்டதாக இருந்தாலும் ஓடுவது அலுவலகக் கணினியில்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை மறந்துவிடாதீர்கள். அவற்றை ஆப்லாக்கர் பார்க்காது. குரோமுக்கும் எட்ஜுக்கும் பாலிசி கோப்புகளை அந்தந்த நிறுவனமே கொடுக்கிறது. எல்லா எக்ஸ்டென்ஷனையும் தடை என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் அனுமதியில் சேருங்கள். கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டும், டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கரும் போட்டுவிட்டால் பென்டிரைவில் பூட் செய்து அட்மின் பாஸ்வேர்டை அழிக்கும் வழியும் அடைபடும். பிட்லாக்கர் மீட்பு எண்களைக் கட்டாயம் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

நான் மாதம் ஒருமுறை 22ஆம் தேதி போல அங்கே போகிறேன். ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். அவசரத்தில் யாராவது யாரையாவது சேர்த்திருப்பார்கள். பிறகு 8004 பதிவுகள்: உண்மையில் தடைபட்டவை. ஒரே கோப்பு பல முறை தடைபட்டிருந்தால் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து கேட்பேன். போன மாதம் அப்படி ஒரு பெயர் எட்டு முறை வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண். வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பை எக்ஸெல்லாக மாற்ற ஏதோ ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள். வாட்ஸாப் குழுவில் அவளை யாரும் சேர்த்திருக்கவில்லை. எக்ஸெல்லிலேயே டேட்டா பகுதியில் பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும் வசதி இருப்பதைக் காட்டினேன், குழுவிலும் சேர்த்துவிட்டேன். புது ஆள் சேரும் நாளில் கையெழுத்து வாங்கும் தாளில் அந்தக் குழுவின் பெயரையும் இப்போது அச்சடித்திருக்கிறோம்.